ஆறாம் ஆண்டோடு கைதட்டலை நிறுத்திவிடாதீர்கள் | பினாங்குத் தமிழ்ப்பள்ளிகள்

வணக்கம் உறவுகளே. பினாங்கிலிருந்து பேசுகிறேன். இன்றைக்கு நாசி கண்டாரும் இல்லை, கடற்கரையும் இல்லை. நம் பிள்ளைகளைப் பற்றியும் அவர்கள் படிக்கிற தமிழ்ப்பள்ளிகளைப் பற்றியும், ஆறாம் ஆண்டு முடிந்த பிறகு அவர்களுடைய தமிழ் என்ன ஆகிறது என்பதைப் பற்றியும் பேசப் போகிறேன். கொஞ்சம் நீளமாகவே போகும், பொறுமையாகக் கேளுங்கள்.

முன்பெல்லாம் ஆண்டுக் கடைசியில் ஒரு நாள் வரும். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதுகிற யு.பி.எஸ்.ஆர். அரசாங்கத் தேர்வின் முடிவு வருகிற நாள். காலையிலேயே பள்ளி மண்டபத்தில் பெற்றோர் கூடிவிடுவார்கள். யார் 7ஏ, அதாவது ஏழு தாளிலும் ஏ, யார் 6ஏ என்று பெயர் வாசிப்பார்கள். அப்புறம் பத்திரிகையில் படம், பள்ளி வேலியில் பதாகை, கோயிலில் ஒரு அர்ச்சனை. 2016இல் தாள்கள் எட்டாக மாறின, 7ஏ போய் 8ஏ வந்தது. 2019இல் உட்கார்ந்த பிள்ளைகள்தான் கடைசி. 2020இல் கோவிட் வந்து தேர்வை ரத்து செய்தார்கள், 2021இல் தேர்வையே எடுத்துவிட்டார்கள். இப்போது வகுப்பறை மதிப்பீடு. ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 6 வரை ஓர் அடைவுநிலை. அறிக்கை வீட்டுக்கு வருகிறது, பார்க்கிறோம், கையெழுத்துப் போடுகிறோம், திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.

அதனால்தான் பார்க்கிற பெற்றோர் எல்லாம் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "பள்ளிக்கூடம் நல்லா போகுதா இல்லையான்னு இப்ப எப்படிங்க தெரிஞ்சிக்கிறது? பதாகையே இல்லையே!"

போய்ப் பாருங்கள். அதுதான் என் பதில். பள்ளி எப்படிப் போகிறது என்பதை ஒரு சனிக்கிழமை காலையில் பார்த்துவிடலாம்.

பின்னணியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், வெளியூரிலிருந்து பார்க்கிறவர்களுக்கும் உதவும். பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. தீவில் ஆசாத், இராமகிருஷ்ணா, இராஜாஜி, சுப்பிரமணிய பாரதி, சுங்கை ஆரா, பாயான் லெப்பாஸ் என்று சில. மற்றவற்றில் பெரும்பாலானவை பாலத்துக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில் இருக்கிற செபராங் பிறையில். அங்கே வால்டோர், பைராம், டிரான்ஸ்கிரியான், ஜாவி என்று பல பள்ளிகளுக்கு இன்னும் தோட்டத்துப் பெயர்தான். ரப்பரும் செம்பனையும் இருந்த பக்கமெல்லாம் தாமான் என்கிற குடியிருப்பும் தொழிற்சாலையுமாக மாறிக்கொண்டே வருகிறது. தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் நாலா பக்கமும் பிரிந்து போய்விட்டன, பிள்ளைகள் தூரத்திலிருந்து வேனில் வருகிறார்கள்.

இந்த ஊருக்கு இதில் ஒரு பெருமையும் உண்டு. 1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூல் தொடங்கியபோது அதில் தமிழ் வகுப்பும் இருந்ததாகக் கணக்கு வைத்துத்தான், 2016இல் நாடு முழுக்க மலேசியத் தமிழ்க் கல்வியின் 200 ஆண்டு நிறைவைக் கொண்டாடினோம். சுதந்திரம் கிடைத்த 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்றைக்கு ஐந்நூற்றுச் சொச்சம். அதற்கான காரணங்களைப் பேச இன்னொரு நாள் வேண்டும்.

சரி, சனிக்கிழமைக்கு வருவோம்.

பெருநிலத்தில் ஒரு பள்ளி, பெயர் வேண்டாம். அன்றைக்குக் கோத்தோங் ரோயோங், எல்லோரும் கூடிப் பள்ளி வேலைகளைச் செய்கிற நாள். நான் கேமராவோடு போய்ச் சேர்வதற்குள் பாதி சுவருக்குச் சாயம் அடித்து முடித்துவிட்டார்கள். ஓர் அப்பா, தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் சீருடையோடு வந்து நிற்கிறார். சட்டைப் பையில் அடையாள அட்டை தொங்குகிறது, அதிலும் நீலச் சாயம் தெறித்திருக்கிறது. பழைய மாணவர் ஒருவர், வயரிங் வேலை செய்கிறவர், ஒவ்வொரு வகுப்பாக ஏணியைப் போட்டுக் காற்றாடியைக் கழற்றித் துடைத்து, சுற்றாததைச் சரிசெய்துகொண்டே போகிறார். சிற்றுண்டிச்சாலையில் நாலைந்து அம்மாக்கள் பெரிய சட்டியில் பீகூன், அதாவது அரிசிச் சேமியா, பிரட்டுகிறார்கள். தலைமையாசிரியர் காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு சாக்கடை வாருகிறார்.

வேன் அண்ணன்களைப் பற்றி யாருமே பேசுவதில்லை, நான் பேசுகிறேன். அங்கே வந்திருந்த ஒரு வேன் அண்ணன், எந்த வீட்டு அம்மாவுக்கு எந்த வாரம் காலை ஷிஃப்ட் என்று மனப்பாடமாகச் சொல்கிறார். காலை ஷிஃப்ட் வாரம் என்றால் அந்தப் பிள்ளையை இருட்டோடு முதல் ஆளாக ஏற்றிக்கொள்வார். முன் சீட்டில் ஒரு சின்னத் தலையணை வைத்திருக்கிறார், அந்தப் பிள்ளை தூங்குவதற்காக. கட்டணத்தில் இதற்கென்று ஒரு வெள்ளி (ரிங்கிட்) கூடுதல் கிடையாது. எந்த அறிக்கையிலும் இது வராது. ஆனால் அந்தப் பிள்ளை தவறாமல் பள்ளிக்கு வருகிறது என்றால் அதற்குப் பின்னால் இந்த மனிதர் இருக்கிறார்.

அடுத்தது போட்டிகள். இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

150 பிள்ளைகளுக்குக் கீழே இருந்தால் அரசாங்கக் கணக்கில் அது குறைந்த மாணவர் பள்ளி. நம் பள்ளிகளில் பலவும் அந்தக் கணக்கில்தான் வரும். இப்படிப்பட்ட பள்ளியில் என்ன நடக்கும் தெரியுமா? திருக்குறள் ஒப்புவிக்கிற பிள்ளைதான் குறுக்கோட்டமும் ஓடும். அதே பிள்ளைதான் சதுரங்கம் ஆடும், கோலாட்டத்திலும் நிற்கும். ஆயிரம் பேர் படிக்கிற பள்ளியோடு மாவட்ட நிலையில் போய் மோதும்போது, அங்கே ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து அனுப்புவார்கள். இங்கே ஒரே பிள்ளை எல்லாவற்றுக்கும் போகும். ஆசிரியரும் அப்படித்தான். மொழிப் பாடம் நடத்துகிற டீச்சரே மாலையில் விசிலை மாட்டிக்கொண்டு திடலில் நிற்பார்.

ஒரு மாவட்ட நிலைக் கதை சொல்லும் போட்டியைப் போய்ப் பார்த்தேன். நாலாம் ஆண்டுப் பிள்ளை, பாவாடை சட்டை, தலை நிறையப் பூ. கதையை எழுதித் தயார் செய்தது அவளுடைய டீச்சர். அந்த டீச்சர் நீதிபதிகளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, சத்தமே இல்லாமல் ஒவ்வொரு வரிக்கும் உதட்டை அசைக்கிறார். பாதிக் கதையில் பிள்ளைக்கு வரி மறந்துவிட்டது. பேச்சு நின்றது. கூரையில் சுற்றுகிற காற்றாடியைப் பார்த்தாள். மண்டபத்தில் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கிறோம். அப்புறம் அவளே, எழுதிக் கொடுத்த அலங்கார வரியை விட்டுவிட்டு, வீட்டில் பாட்டியிடம் கதை சொல்கிற மாதிரி, "அப்புறம் அந்த யானைக்குக் கோபம் வந்திருச்சு, ஆனா அழுகையும் வந்திருச்சு" என்று தன் பேச்சிலேயே தொடர்ந்து முடித்துவிட்டாள். அதுவரை குனிந்து புள்ளி எழுதிக்கொண்டிருந்த நீதிபதி ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

மூன்றாம் இடம் கிடைத்தது. என்னைக் கேட்டால் அன்றைக்கு நடந்ததிலேயே பெரிய சாதனை அதுதான். மனப்பாடம் கைவிட்ட இடத்தில் தமிழ் அவளைக் கைவிடவில்லை. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளை, தமிழில் யோசித்து, அந்த நிமிடத்திலேயே ஒரு வாக்கியத்தைக் கட்டி, ஒரு மண்டபத்துக்கு முன்னால் சொல்கிறது. இதை எந்த ஏ-வில் எழுதுவீர்கள்? அதே பிள்ளை அடுத்து மாவட்டக் குறுக்கோட்டத்திலும் ஓடினாள், முதல் பத்துப் பேருக்குள் வந்தாள். போட்டியில் தோற்ற பிள்ளைகளுக்கும் சேர்த்து, டீச்சர் தன் கைக்காசில் ஆளுக்கொரு மைலோ வாங்கிக் கொடுத்தார்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தப் பிள்ளை ஆறாம் ஆண்டு முடித்ததும் எங்கே போகும்? நம் நாட்டில் தமிழ் இடைநிலைப்பள்ளி கிடையாது. அடுத்த வகுப்பான படிவம் 1க்கு, மலாய்மொழியில் பாடம் நடக்கிற தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போக வேண்டும். மலாய்மொழியில் அடைவு குறைவாக இருந்தால் புதுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக உட்காரும். ஒரே வகுப்பில் படித்த இருபது பேர் ஐந்தாறு பள்ளிகளுக்குச் சிதறிப் போவார்கள். ஆறு ஆண்டு அந்தப் பிள்ளையைச் சுற்றி நின்ற கூட்டம், சாயம் அடித்த அப்பாவும் பீகூன் பிரட்டிய அம்மாவும் காற்றாடி சரிசெய்த பழைய மாணவரும், அந்த வாசலோடு நின்றுவிடுகிறது. எனக்கு ஆதங்கமே இதுதான். இடைநிலைப்பள்ளியில் கோத்தோங் ரோயோங் நடந்தால் நம்மில் எத்தனை பேர் போகிறோம்? அங்கே பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நம் முகம் எத்தனை தெரிகிறது?

கூட்டம் விலகினால் முதலில் அடிபடுவது தமிழ்ப் பாடம். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது: ஒரு தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால், தமிழ் கற்பிக்க வசதி செய்து தர வேண்டும். 15 பேர். ஒரு பெரிய இடைநிலைப்பள்ளியில் 15 தமிழ்ப் பிள்ளைகள் கிடைக்காமலா போவார்கள்? இருக்கிறார்கள். கேட்கிற பெற்றோர்தான் 15 பேர் சேர்வதில்லை. ஒருவர் கேட்டுவிட்டு வருவார், இன்னொருவர் அடுத்த மாதம் தனியாகப் போய்க் கேட்பார். சேர்ந்து போனால் எண்ணிக்கை தெரியும், பள்ளி நிர்வாகமும் ஆசிரியரைக் கேட்டு வாங்க முடியும், அட்டவணையில் நேரம் ஒதுக்க முடியும்.

வகுப்பு கிடைத்தாலும் பல இடங்களில் அது பள்ளி நேரம் முடிந்த பிறகுதான். மதியம் பசியோடு, மற்ற பிள்ளைகள் எல்லாம் பேருந்தேறிப் போன பிறகு உட்கார்ந்திருக்க வேண்டும். படிவம் 1இல் வருவார்கள், படிவம் 3இல் பாதியாகும். படிவம் 5இல் எஸ்.பி.எம். தேர்வு வரும்போது, "எதுக்கு இன்னொரு பாடம், புள்ளி குறைஞ்சிடும்" என்று வீட்டிலேயே சொல்லி விலக்கிவிடுகிறோம். தமிழ் இலக்கியத்தை எடுக்கிறவர்கள் இன்னும் குறைவு.

கொஞ்சம் யோசியுங்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியராக வேண்டும் என்றால் ஆசிரியர் பயிற்சிக்கு எஸ்.பி.எம். தமிழில் நல்ல தேர்ச்சி வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956லிருந்து இருக்கிறது, தஞ்சோங் மாலிமில் உப்சி என்கிற கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழிக் கல்வி படிக்கலாம். எஸ்.பி.எம்.-க்கு அடுத்த எஸ்.டி.பி.எம். தேர்விலும் தமிழ் ஒரு பாடம். மேலே வழி இருக்கிறது. நடுவில் இந்த ஐந்து ஆண்டுதான் ஓட்டை. கதையை மறந்தும் கலங்காமல் முடித்தாளே, அவள் பதினேழு வயதில் தமிழ்த் தாள் எழுதவில்லை என்றால், இருபத்தைந்து வயதில் அந்த டீச்சர் நின்ற இடத்தில் வந்து நிற்க முடியாது. அப்போது இந்த 28 பள்ளிக்கும் சாயம் அடித்து என்ன செய்யப் போகிறோம்?

அதனால் ஆறாம் ஆண்டுப் பெற்றோர்களே, உங்களிடம் நேரடியாகக் கேட்கிறேன். பிரியாவிடை விருந்து முடிந்ததும் அந்த வாட்ஸ்அப் குழுவைக் கலைத்துவிடாதீர்கள். படிவம் 1க்கு எந்தப் பள்ளி என்று தெரிந்த அன்றைக்கே குழுவில் போடுங்கள். பக்கத்துத் தமிழ்ப்பள்ளியிலிருந்து அதே இடைநிலைப்பள்ளிக்கு யார் வருகிறார்கள் என்று கேளுங்கள், இரண்டு பள்ளிப் பட்டியலையும் சேர்த்தால் பல இடங்களில் 15ஐத் தாண்டிவிடும். பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே எல்லோரும் கையெழுத்துப் போட்ட கடிதத்தோடு பள்ளி முதல்வரைப் போய்ப் பாருங்கள். சண்டை போடப் போக வேண்டாம், மரியாதையாகப் பேசுங்கள். வகுப்பு ஏற்கெனவே நடக்கிறது என்றால் ரொம்ப நல்லது, யார் ஆசிரியர், என்ன நேரம், பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு எப்படி என்று கேளுங்கள். சாப்பாடுதான் பிரச்சினை என்றால், பீகூன் பிரட்டத் தெரிந்த அம்மாக்கள் நம்மிடம் இல்லையா?

தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். பரிசளிப்பு விழாவில் இந்த ஆண்டுப் பிள்ளைகளோடு, உங்கள் பள்ளியில் படித்துவிட்டுப் போய் எஸ்.பி.எம்.-இல் தமிழ் எடுத்த பிள்ளைகளையும் மேடைக்குக் கூப்பிடுங்கள். கீழே உட்கார்ந்திருக்கிற நாலாம் ஆண்டு, ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் அவர்களைப் பார்க்கட்டும். பரிசுக் கிண்ணம் வாங்க நூறு வெள்ளிகூட ஆகாது.

இடைநிலைப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர்கள் யாராவது இதைப் பார்த்துக்கொண்டிருந்தால், உங்கள் மாணவர்கள் பேச்சுப் போட்டி, விவாதம், நாடகம், கவிதை என்று எதில் கலந்துகொண்டாலும் எனக்கு ஒரு தகவல் சொல்லுங்கள். தீவாக இருந்தாலும் சரி, பெருநிலத்து நிபோங் திபாலாக இருந்தாலும் சரி, கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். அடுத்த வீடியோவில், முதல்வருக்குக் கொடுக்கிற கடிதத்தை மலாயில் எப்படி எழுதுவது என்று வரி வரியாகக் காட்டுகிறேன். பேனாவும் தாளும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.