முதுகுக்கு நடிக்கத் தெரியாது

நடுவர் அவர்களே, பந்தல் கொள்ளாமல் உட்கார்ந்திருக்கிற காரைக்குடிப் பெருமக்களே, ஆச்சிமார்களே, எல்லாருக்கும் வணக்கம். தாரா சிங், கிங்காங் பேரைக் கேட்டு வளர்ந்த பெரியவங்களும் இங்க இருக்கீங்க. அண்டர்டேக்கர் படம் போட்ட சீட்டை வச்சு விளையாடின தம்பிகளும் இருக்கீங்க. "டிவி ரெஸ்லிங்: ஏமாற்று வேலையா, உழைப்பா?" இதுதான் தலைப்பு. நான் உழைப்புன்னு பேச வந்திருக்கேன்.

எதிரணிச் சகோதரி மூணு குற்றச்சாட்டு வச்சாங்க. யார் ஜெயிக்கணும்னு முன்கூட்டியே பேசி வச்சிடறாங்க, அடி படறதே இல்லை, கீழே மெத்தை கிடக்கு. "சிராவயல் மஞ்சுவிரட்டுல எந்த மாடாவது முடிவைப் பேசி வச்சிட்டு வருதா?"ன்னும் கேட்டாங்க. நல்ல கேள்வி.

முதல் குற்றச்சாட்டை நான் மறுக்கலை. முடிவு பேசி வச்சதுதான். அதை அவங்களே ஒளிக்கலையே! 1989-ல் அமெரிக்காவுல நியூ ஜெர்சி மாநில செனட்டுக்கு முன்னாடி, இது போட்டி இல்லை, கேளிக்கைன்னு இந்த ரெஸ்லிங்கை நடத்தின WWF நிறுவனமே, இப்ப WWE-ன்னு சொல்றோமே அதுதான், சொல்லிடுச்சு. விளையாட்டு ஆணையத்தோட கட்டுப்பாடு வேண்டாம்ங்கிறதுக்காகச் சொன்னாங்க, சரி. ஆனா ஊரறியச் சொன்ன பிறகு அதுக்குப் பேர் ஏமாத்தா?

நம்ம பக்கத்துத் திருவிழாவுல விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம் நடக்குது. வள்ளியை முருகன்தான் கட்டிக்கப் போறார்னு மடியில தூங்குற பிள்ளைக்கும் தெரியும். பின்ன எதுக்கு ராத்திரி ரெண்டு மணிக்குப் பாய் விரிச்சு உட்கார்ந்திருக்கோம்? நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கிற தர்க்கத்துக்காக. வள்ளி ஒரு ஊரு, நாரதர் ஒரு ஊரு, ஆர்மோனியக்காரர் இன்னொரு ஊரு. ஒத்திகை கிடையாது. எதிராளி பாட்டுல ஒரு கேள்வி போட்டா, அங்கேயே பதில் வரணும்.

ரெஸ்லிங்கும் இப்படித்தாங்க. முடிவு, நேரம், முக்கியமான சில கட்டங்கள், இதைப் பேசி வச்சுக்குவாங்க. மீதி பல நேரம் மேடையிலதான் பிறக்கும். ஒருத்தர் இன்னொருத்தர் தலையை அக்குளுக்குள்ள இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரே, நமக்கு அது சும்மா நிக்கிற மாதிரி தெரியும். அப்பதான் காதுக்குள்ள அடுத்த அடியைச் சொல்லிக்கிட்டிருப்பார். வழக்கமா வில்லனா வர்றவர்தான் வழிநடத்துவார். ரெஃப்ரியோட காதுல ஒரு கருவி இருக்கும். "இன்னும் நாலு நிமிஷம்"னு உள்ளேயிருந்து வந்தா, அதை ரெண்டு பேருக்கும் கடத்தறது அவர் வேலை.

குத்து விஷயத்துல பாதியை ஒத்துக்கறேன். கை முகத்துக்குப் போகும்போது கால் மேடையை ஓங்கி மிதிக்கும். நாம கேக்கிறது கால் சத்தம். மேடைக்கு அடியில வெத்திடம், தவில் மாதிரி அதிரும். ஆனா நெஞ்சுல விரிச்ச கையால விடற அறைக்குத் தந்திரமே கிடையாது. தோல் சிவந்து தடிக்கிறது திரையிலேயே தெரியும்.

இப்ப மெத்தைக்கு வர்றேன். அந்த மேடை 20 அடிக்கு 20 அடி. அடியில இரும்புச் சட்டம், அதுக்கு மேல மரப்பலகை, அதுக்கு மேல ஒரு அங்குலம் சுமாருக்கு ஃபோம், மேல இழுத்துக் கட்டின கேன்வாஸ். அவ்வளவுதான். இதுக்குப் பேரா மெத்தை?

அந்தப் பலகையில எப்படி விழறதுங்கிறதுதான் முதல் பாடம். 'பம்ப்'னு சொல்லுவாங்க. முதல்ல உட்கார்ந்தபடி, பிறகு குந்தினபடி, அப்புறம்தான் நின்னபடி விழப் பழக்குவாங்க. தாடை நெஞ்சோட ஒட்டியிருக்கணும். ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல இருக்கிற மேல்முதுகு ஒரே நேரத்துல தட்டையாப் படணும். கை ரெண்டும் பக்கவாட்டுல விரிஞ்சு, உள்ளங்கை பலகையை அறையணும். படற அந்த நொடியில மூச்சை வெளியே விடணும். எதுக்குன்னா, விழற வேகம் ஒரே எலும்புல இறங்காம அகலமாப் பரவணும். தாடை விலகினா பின்மண்டை போய் மோதி மூளை அதிரும். பயத்துல கையைப் பின்னாடி ஊனினா மணிக்கட்டோ முழங்கையோ போகும். இடுப்பு முதல்ல பட்டா வால் எலும்பு. எல்லாம் சரியாச் செஞ்சாலும் வலி வலிதான். சேதம் குறையும், அவ்வளவே.

கர்ட் ஆங்கிள் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ல 100 கிலோ பிரிவுல தங்கம் வாங்கினவர். பிறகு இந்த மேடைக்கு வந்தார். ஒலிம்பிக் மல்யுத்தத்துல ரெண்டு தோளும் விரிப்புல பட்டா ஆட்டம் முடிஞ்சுது. முதுகைக் காட்டாம இருக்கிறதுதான் அங்கே வித்தை. இங்கே முதுகைக் கொடுக்கக் கத்துக்கணும். தங்கப் பதக்கம் வாங்கின உடம்பும் இதைப் புதுசாத்தான் படிக்கணும்.

இன்னொரு வித்தை இருக்கு, எனக்கு அதுதான் பெருசு. எதிராளியோட கழுத்தைக் காப்பாத்தறது. பைல்டிரைவர்னு ஒரு பிடி. ஆளைத் தலைகீழாத் தூக்கி, தலையைத் தொடைகளுக்கு நடுவுல வச்சுக்கிட்டு கீழே இறங்கறது. தலை தொடை மட்டத்துக்கு மேல இருந்தா தூக்கினவர் உடம்பு அதிர்ச்சியை வாங்கிக்கும். கொஞ்சம் கீழே தொங்கினா மொத்த எடையும் கழுத்துல.

1997 ஆகஸ்ட் 3. அதே நியூ ஜெர்சி மாநிலம். ஓவன் ஹார்ட், ஸ்டீவ் ஆஸ்டின்னு ரெண்டு ரெஸ்லர்கள் மோதினாங்க. அந்தப் பிடியில ஓவன் தூக்கினார், ஆஸ்டின் தலை கீழே தொங்கிடுச்சு, ஓவன் அப்படியே உட்கார்ந்தார். ஆஸ்டினுக்குக் கொஞ்ச நேரம் கைகால் அசையலை. ஜெயிக்க வேண்டியவர் அவர்தான், பேசி வச்ச முடிவு அது. விஷயம் புரிஞ்ச ஓவன் கூட்டத்தைப் பார்த்துக் கத்திக் கத்தி நேரம் வாங்கிக் கொடுத்தார். ஆஸ்டின் தவழ்ந்து வந்து, பலமில்லாத கையால அவரைப் பிடிச்சுச் சாய்க்க, ரெஃப்ரி மூணு எண்ணினார், ஆஸ்டின் ஜெயிச்சதா ஆச்சு. சகோதரி, முடிவை எழுதி வச்சாங்களே, அந்தக் கழுத்தை எழுதி வைக்க முடிஞ்சுதா?

நடுவர் மணியில கை வைக்கிறார். இந்த ஒண்ணை மட்டும் சொல்லிடறேன் ஐயா. ரெஃப்ரி ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிப் பெருக்கல் குறி போட்டார்னா, நிஜமாவே அடிபட்டிருக்கு, மருத்துவர் வரணும்னு அர்த்தம். எல்லாமே பொய்யின்னா, அந்தக் குறிக்கு அங்கே என்ன வேலை? வணக்கம்.