11 கம்ப்ரஷன் இன்டர்செப்டரும் சேலத்து பெட்ரோல் பங்க்கும்

வணக்கம் மக்களே. ஏற்காட்டிலிருந்து இப்போதுதான் வந்து இறங்கினேன், முகமெல்லாம் புழுதி, கண்டுகொள்ளாதீர்கள். வியூ பாயின்ட், மிளகாய் பஜ்ஜி எல்லாம் அப்புறம். முதலில் அந்த பங்க் கதை.

சேலத்தில் ஒரு பங்க், பெயர் வேண்டாம். வெளியே ஆள் உயர போர்டு, 100 ஆக்டேன் பெட்ரோல் கிடைக்கும் என்று. ஆக்டேன் என்றால், நெருக்கும்போது பெட்ரோல் தானாக வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதற்கான நம்பர். உள்ளே போனால் அந்த பம்ப் தலையில் சாக்கைக் கவிழ்த்துக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள். எப்போது தம்பி வரும் என்று கேட்டால், "அது வந்தே பல மாசம் ஆச்சுண்ணா, சாதா போட்டுக்கங்க, எல்லாம் ஒண்ணுதான்" என்கிறான். எல்லாம் ஒன்று என்றால் அந்த போர்டைக் கழற்ற வேண்டியதுதானே! இத்தனைக்கும் நான் ஓசியில் கேட்கவில்லை. இந்தியன் ஆயிலோட 100 ஆக்டேன் பெட்ரோல் எக்ஸ்பி 100 வந்தபோதே, 2020 டிசம்பரில், டெல்லியில் லிட்டர் 160 ரூபாய். என் பைக் டேங்க் 13.7 லிட்டர், அந்த விலைக்கே போட்டால்கூட 2,192 ரூபாய். அவ்வளவு கொடுக்கத் தயாராக ஒருத்தன் வந்து நிற்கிறான், சாக்கைக் காட்டுகிறார்கள்.

சரி, புதிதாக வந்தவர்களுக்கு இந்தக் கடுப்பு புரியாது. வண்டி ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650. கம்ப்ரஷன் என்றால் சிலிண்டருக்குள் கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பது. கம்பெனி கொடுத்தது 9.5, இப்போது பிஸ்டன் மாற்றி 11. ஒரு சிலிண்டர் 324 சிசி, பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிச்சம் இருந்த இடம் முன்பு 38 சிசி, இப்போது 32 சொச்சம். வித்தியாசம் ஒரு டீஸ்பூனை விடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அந்த டீஸ்பூனுக்காகத்தான் நான் ஊர் ஊராக பங்க் தேடி அலைகிறேன்.

பெட்ரோல்-காற்றுக் கலவையை அதிகமாக நெருக்கினால் சூடும் அதிகம். பிளக் பற்றவைத்த தீ ஓரம் வரை போய்ச் சேர்வதற்குள் அங்கே இருக்கும் கலவை தானாகவே வெடித்துவிடும், அதுதான் நாக்கிங். ஆக்டேன் அதிகமாக இருந்தால் கலவை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். இந்த வண்டியில் அதைக் கண்டுபிடிக்கும் நாக் சென்சார் எல்லாம் கிடையாது, என் காதுதான்.

வேறு வழியில்லாமல் சாதா போட்டேன், ஈ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இங்கேதான் பாதிப் பேர் என்னைத் திட்டப் போகிறீர்கள். எத்தனாலை ஊரே கரித்துக் கொட்டுகிறது, மைலேஜ் போகிறது என்பதும் உண்மைதான், லிட்டருக்கு லிட்டர் அதில் சக்தி கம்மி. ஆனால் எத்தனாலோட ஆக்டேன் நூறைத் தாண்டும், ஆவியாகும்போது உள்ளே போகும் காற்றையும் குளிர வைக்கும். ஹை கம்ப்ரஷனுக்கு அது சொந்தக்காரன் மாதிரி. மேப் மட்டும், அதாவது எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று இன்ஜின் கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்கு, அதற்கேற்ற மாதிரி இருக்க வேண்டும். ஈ20 சாதா பெட்ரோலே 95 ஆக்டேன் என்று அரசாங்கமே சொல்கிறது, அப்படியானால் 95 என்று எழுதிக் கூடுதல் காசு வாங்குவது எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஏற்காட்டில் 20 கொண்டை ஊசி வளைவு. அடிவாரத்தில் நல்ல வெயில், முன்னால் ஒரு லாரி, மூன்றாவது கியரில் 2500 ஆர்பிஎம்மில் திராட்டிலைத் திறந்தேன், கிண் கிண் என்று கண்ணாடியைச் சுண்டுவது போல ஒரு சத்தம், நாக்கிங்தான். உடனே இரண்டாவது கியர், ஆர்பிஎம் ஏறியதும் சத்தம் போச்சு. மேலே போகப் போக, காற்று லேசாகிக் குளிர்ந்ததும் மூன்றாவதிலேயே இழுத்துப் பார்த்தேன், ஒரு சத்தமும் இல்லை. என்ன பிக்கப் தெரியுமா! வளைவை விட்டு வெளியே வரும்போது கையை லேசாகத் திருப்பினால் போதும்.

இருங்கள், ஒன்றை விட்டுவிட்டேன், பிஸ்டன் ஃபோர்ஜ்டு, அதாவது வார்க்காமல் அழுத்தி அடித்துச் செய்தது. சூட்டில் அதிகம் விரியும் என்பதால் கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் போட்டிருக்கிறது, காலையில் ஸ்டார்ட் செய்ததும் கடகட என்று சத்தம் வரும், சூடானால் அடங்கிவிடும். கீழ் வீட்டு மாமா தினமும் "இன்ஜின் போச்சுப்பா" என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போகிறார். செல்ஃபும் முன்பு மாதிரி சட்டென்று எடுக்காது, ஒரு முக்கு முக்கித்தான் சுற்றும். பேட்டரி டல்லாக இருந்தால் அதுவும் இல்லை.

பவர் எவ்வளவு ஏறியது என்று கேட்பீர்கள். புத்தகக் கணக்குப்படி 9.5-லிருந்து 11-க்குப் போனால் கிடைப்பது சுமார் நாலு சதவீதம். 47 குதிரைத்திறனுக்கு இரண்டு குதிரை! ஆமாம், சிரியுங்கள். கேம் (வால்வைத் திறக்கும் தண்டு), இன்டேக் (காற்று உள்ளே போகும் வழி) எல்லாம் மாற்றாமல் பிஸ்டன் மட்டும் போட்டுவிட்டு ராக்கெட் ஆகிவிட்டது என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

இதோ, வந்ததும் கழற்றிய பிளக். கேமரா ஃபோகஸ் ஆகிறதா? வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் சைஸில் பளபளவென்று புள்ளி இருந்தால் பிஸ்டன் அலுமினியம் உருகி ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். இதில் ஒரு புள்ளி கிடையாது, இரண்டு பிளக்கிலுமே. ஆனாலும் அந்தக் கிண் கிண் எனக்குப் பிடிக்கவில்லை, 2500 ஆர்பிஎம் பக்கம் பிளக் பற்றவைக்கும் டைமிங்கை இரண்டு டிகிரி பின்னால் தள்ளப் போகிறோம், லேப்டாப் மாட்டி அதைத்தான் அடுத்த வீடியோவில் போடுகிறேன். வரட்டுமா, பசிக்கிறது.