ஒட்டுக்கிளைக்கு என்ன பெருமை?

(காரைக்குடியில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது. கேட்ட நண்பர்கள் விரும்பியதால் எழுதித் தருகிறேன்.)

மேடையில் வீற்றிருக்கும் மதிப்பிற்குரிய ஆயர் அவர்களே, அழைத்தவுடன் மறுக்காமல் வந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, பெந்தெகொஸ்தே சபைப் போதகர்களே, சகோதரிகளே, சகோதரர்களே, அனைவருக்கும் தோத்திரம். மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த செட்டியார் அவர்களுக்கும், நூறு பேருக்குக் கந்தரப்பமும் தேன்குழலும் செய்து அனுப்பியிருக்கிற ஆச்சி அவர்களுக்கும் முதலில் என் நன்றி. அவர்கள் இருவரும் நம் மதத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். இருந்தும் செய்திருக்கிறார்கள். 1939-லிருந்து கம்பனுக்கு விழா எடுக்கிற ஊர் இது. இங்கே மைக்கின் முன்னால் நிற்க எந்தத் தமிழாசிரியனுக்கும் கொஞ்சம் நடுங்கும். எனக்கும் நடுங்குகிறது.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘இஸ்ரவேலும் சபையும்’, அதாவது யூத ஜனமும் கிறிஸ்தவத் திருச்சபையும். மூன்று பகுதியாகப் பேசலாம் என்று குறித்து வந்திருக்கிறேன். அப்போஸ்தலர் பவுல் என்ன சொன்னார், சபை என்ன செய்தது, இன்றைய இஸ்ரேல் தேசத்தை நாம் எப்படிப் பார்ப்பது. அதற்கு முன்னால் ஒரு பழமொழி. எங்கே போனாலும் இதை நான் சொல்வது உங்களில் பலருக்குத் தெரியும். ‘ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிச்சாம்.’ இதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் யார் வீடு, யார் ஒண்ட வந்தவர் என்று பார்ப்போம். அப்போஸ்தலர் நடபடிகள் 15-ஆம் அதிகாரத்தில் எருசலேமில் கூட்டம் கூடுகிறது. அங்கே எழுந்த கேள்வி, விருத்தசேதனம் செய்யாத புறஜாதியாரை, அதாவது யூதரல்லாதவர்களை, உள்ளே சேர்க்கலாமா என்பது. கேட்டவர்களும் யூதர்கள், பதில் சொன்ன பேதுருவும் யாக்கோபும் யூதர்கள். நாம் திண்ணையில் காத்துக்கொண்டிருந்தவர்கள். உள்ளே வாருங்கள் என்றார்கள், வந்தோம். நூறு வருஷம் கழித்து ரோமில் மார்சியன் என்று ஒருவர் கிளம்பி, பழைய ஏற்பாடே வேண்டாம் என்றார். சபை 144-இல் அவரை வெளியே அனுப்பியது. சரி, புஸ்தகம் பிழைத்தது. ஆனால் புஸ்தகத்துக்கு உரியவர்கள்? யுஸ்தின் என்ற இரத்தசாட்சி திரிபோ என்ற யூதரோடு நடத்திய உரையாடலை எழுதி வைத்திருக்கிறார். மெய்யான இஸ்ரவேல் நாங்கள்தான் என்று அதில் வாதாடுகிறார். ‘நீங்களும் உண்டு, நாங்களும் உண்டு’ என்பது ‘நாங்கள்தான், நீங்கள் இல்லை’ என்று ஆகிவிட்டது. ஊர்ப் பிடாரி கதை அங்கே தொடங்குகிறது.

பவுல் ரோமருக்கு எழுதினபோதே இந்த ஆபத்து அவருக்குத் தெரிந்திருக்கிறது. ‘தேவன் தம்முடைய ஜனங்களைத் தள்ளிவிட்டாரோ?’ என்று அவரே கேட்டு, ‘தள்ளிவிடவில்லையே’ என்று அவரே பதில் சொல்கிறார். அப்புறம்தான் அந்த ஒலிவமர உவமை. மா ஒட்டுக் கட்டுகிற பண்ணையில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அடியில் நாட்டு மாங்கன்று இருக்கும். அதன் தலையைச் சீவி, தண்டைப் பிளந்து, நல்ல ரகத்துக் குச்சியைச் சாய்வாய்ச் செதுக்கிச் சொருகி, நாடாவால் இறுக்கிக் கட்டுவார்கள். நல்லது மேலே, நாட்டுக்கன்று கீழே. பவுல் சொல்வது நேர்மாறு. காட்டு ஒலிவக் கிளையை, அதாவது புறஜாதியாராகிய நம்மை, இஸ்ரவேல் என்ற நல்ல மரத்தில் ஒட்டியிருக்கிறது, அதுவும் ‘சுபாவத்துக்கு விரோதமாய்’ என்கிறார். சாதாரணமாகத் தோட்டக்காரன் செய்யாத வேலை. அதனால்தான் அதற்குக் கிருபை என்று பேர். ‘நீ வேரைச் சுமக்காமல், வேர் உன்னைச் சுமக்கிறதென்று நினைத்துக்கொள்’ என்பது பதினொன்றாம் அதிகாரம் பதினெட்டாம் வசனம். இதை வீட்டுச் சுவரில் எழுதி மாட்டிய ஒருவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

எதிர்த்தரப்புக்கும் வசனம் இருக்கிறது, மறைக்கக்கூடாது. கிறிஸ்துவினுடையவர்கள் ஆபிரகாமின் சந்ததி என்று கலாத்தியர் மூன்றில் இருக்கிறது. ஆறாம் அதிகாரத்தில், ‘அவர்கள்மேலும், தேவனுடைய இஸ்ரவேலர்மேலும்’ சமாதானம் உண்டாக வாழ்த்து வருகிறது. தமிழ் படித்தவர்களுக்கு இந்த ‘உம்’ போதும், எண்ணும்மை என்று உடனே சொல்லிவிடுவோம், இரண்டு கூட்டம் என்று. ஆனால் கிரேக்கத்தில் அந்த இடத்தில் நிற்கிற ‘கை’ என்ற சொல்லை ‘அதாவது’ என்றும் படிக்கலாம். அப்படிப் படித்தால் சபையேதான் இஸ்ரவேல். ஒரு சின்ன இடைச்சொல்லில் இத்தனை நூற்றாண்டு வழக்கு! நான் எண்ணும்மைப் பக்கம்தான் நிற்கிறேன்.

அந்த வழக்கு வெறும் இலக்கண வழக்காக நின்றிருந்தால் நல்லது. அந்தியோகியாவில் 386, 387-இல் கிறிசோஸ்தோம் என்ற பேர்பெற்ற பிரசங்கியார் யூதர்களைத் தாக்கிப் பிரசங்கம் செய்தார். தன் சபையார் ஜெப ஆலயத்துப் பண்டிகைக்குப் போகிறார்களே என்ற கோபம் அவருக்கு. சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் 1523-இல், இயேசு யூதராய்ப் பிறந்தார் என்று அன்பாக எழுதியவர். இருபது வருஷம் கழித்து 1543-இல் அவர்களுடைய ஜெப ஆலயங்களைக் கொளுத்தச் சொல்லி எழுதினார். தரங்கம்பாடியில் 1706-இல் கப்பல் இறங்கிய சீகன்பால்கு என்ற லூத்தரன் மிஷனெரி கொண்டுவந்த வேதத்தை வாசித்து வளர்ந்தவர்கள் நாம். லூத்தர் நம் பாட்டன். பாட்டன் செய்த தப்பைப் பேரன் சொல்லத்தான் வேண்டும். கத்தோலிக்கச் சபை 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், யூதர்களைத் தேவனால் தள்ளப்பட்டவர்களாகக் காட்டக்கூடாது என்று எழுதி வைத்தது. லூத்தரன் சபைகளும் அந்த 1543 எழுத்தை வெளிப்படையாக மறுத்தன. பங்குத்தந்தை அவர்கள் தலையசைக்கிறார்கள், மகிழ்ச்சி.

இங்கே ஒரு கதை சொல்லியாக வேண்டும். என் தாத்தா கொத்தனார், அப்பா அவருக்குக் கையாள். யுத்தம் முடிந்த சமயம். தேவகோட்டைப் பக்கம் ஒரு பெரிய வீடு. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். அந்த வீட்டு ஒரே பிள்ளை மலாயாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்ய, போனவர். 1942-இல் ஜப்பான்காரன் அதைப் பிடித்ததும் கடிதம் நின்றது. ஒரு வருஷம், இரண்டு வருஷம், ஒரு தகவலும் இல்லை. போய்விட்டான் என்று நினைத்து, இருபது வயதுப் பையன் ஒருவரைப் பிள்ளை கூட்டினார்கள், அதாவது சுவீகாரம் எடுத்தார்கள். பெரியவர் கண்ணை மூடினார், புதுப்பிள்ளை கொள்ளி வைத்தார். அப்புறம் ஒருநாள் நாகப்பட்டினத்தில் கப்பல் இறங்கி, எலும்பும் தோலுமாய்ப் பெற்ற பிள்ளை வாசலில் வந்து நிற்கிறார்!

ஊரார் கூடிப் பேசினார்கள். ஆளுக்குப் பாதி என்று முடிவு. ஆனால் கூட்டிவந்த பிள்ளை, முகப்பு எனக்கு, பின்கட்டு அவருக்கு, நடு முற்றமான வளவுக்குக் குறுக்கே சுவர் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். பெற்ற பிள்ளை பின்வாசல் வழியாக வந்துபோக வேண்டுமாம். பழமொழி ஞாபகம் வருகிறதா? ஒண்ட வந்த பிடாரி!

தாத்தாவைக் கூப்பிட்டார்கள். தேக்குத் தூணுக்குத் தூண் நூல் கட்டி, பூக்கல் தளத்தைக் கொத்தி, மூன்று வரிசை செங்கல் வைத்தாகிவிட்டது. அப்பா சாந்துச் சட்டியோடு நிற்கிறார். அப்போது உள்ளேயிருந்து அந்த வீட்டு ஆச்சி, செத்துப்போன பெரியவரின் மனைவி, வந்தார்கள். வெள்ளைச் சேலை, வாயில் பேச்சில்லை. நேராக வந்து அந்தச் செங்கல் மேலே, நூலுக்கு நடுவே, உட்கார்ந்துவிட்டார்கள்.

“ஆத்தா, எந்திரிங்க, வேலை நடக்குது” என்றார் கூட்டிவந்த பிள்ளை.

ஆச்சி அவரைப் பார்க்கவில்லை. “கொத்தனாரே, நிறுத்தாதீங்க, என்னையும் சேர்த்துவச்சுக் கட்டுங்க. ரெண்டு பேருக்கும் சோறு போட்டவ ஒருத்திதான். எந்தப் பக்கம் நான் போறது?”

தாத்தா கரணையைச் சட்டியில் போட்டார். கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்தச் சுவர் அதற்கு மேல் எழும்பவில்லை. எனக்குப் பத்து வயதிருக்கும்போது அப்பா அந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போனார், நானும் போனேன். முழங்காலுக்கும் கீழே மூன்று வரிசை செங்கல் அப்படியே இருந்தது. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் அதன்மேல் உட்கார்ந்து பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

எபேசியர் இரண்டில், ‘பகையாக நின்ற பிரிவினையாகிய நடுச்சுவரைத் தகர்த்து’ என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆச்சி முகம்தான் வரும். சபை இஸ்ரவேலின் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்பவர்கள் முகப்பைப் பூட்டிக்கொள்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் டார்பி என்ற போதகர் தொடங்கி, 1909-இல் ஸ்கோபீல்ட் வேதாகமக் குறிப்புகள் மூலம் பரவிய போதனை வேறு மாதிரி. இஸ்ரவேலுக்குத் தனி வழி, சபைக்குத் தனி வழி, நடுவே, கிறிஸ்து சபையை மட்டும் எடுத்துக்கொள்ள வருகிற இரகசிய வருகை. இதுவும் வளவில் சுவர் கட்டுவதுதான். ஒரே மரம், ஒரே வேர் என்று பவுல் சொன்னபின் இரண்டு தோட்டம் எதற்கு?

இப்போது நான் எங்கே வருகிறேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆம், கல்லறைச் சுவர். நம் வட்டாரத்தில் ஒரு கல்லறைத் தோட்டம். ஊர் பேர் வேண்டாம், இங்கே இருக்கிற பாதிப் பேருக்குத் தெரியும். நடுவே நாலடிச் சுவர், மேலே கண்ணாடிச் சில்லு பதித்திருக்கிறது. வடக்கே ஒரு சாதி, தெற்கே ஒரு சாதி. அந்த ஊரில் முதலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் தெற்குப் பக்கத்தில் கிடக்கிறார்கள். வடக்குப் பக்கத்தார் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள். சுவர் கட்டியது பின்னால் வந்தவர்கள். ஒண்ட வந்த பிடாரி என்று நான் சொன்னால் கோபிக்கிறார்கள், வேறு எப்படிச் சொல்வது?

போன நவம்பர் 2, கல்லறைத் திருநாள். ஒரு பாட்டி தெற்குப் பக்கம் நின்று, தன்னோடு நாற்பது வருஷம் பள்ளியில் வேலை பார்த்த டீச்சருக்கு மெழுகுவத்தி வைக்க, சுவருக்கு மேலே கையை நீட்டினார். கண்ணாடிச் சில்லு மணிக்கட்டுக்குக் கீழே கிழித்துவிட்டது. மெழுகுவத்தியை விடவில்லை. வடக்குப் பக்கம் நின்ற ஒரு பையன் ஓடிவந்து வாங்கி வைத்தான். நான் கைக்குட்டையைக் கட்டிவிட்டேன். யூதனுக்கும் கிரேக்கனுக்கும் நடுவில் இருந்த சுவர் உடைந்தது என்று ஞாயிறுதோறும் பாடுகிறோம். செத்தவர்களுக்கு நடுவே சுவரை வைத்துக்கொண்டு, இஸ்ரவேல் உள்ளேயா வெளியேயா என்று விவாதிக்க நமக்கு என்ன யோக்கியதை?

மூன்றாவது பகுதிக்கு நேரமில்லை என்று செயலாளர் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். ஒன்று மட்டும் சொல்கிறேன். பெத்லகேமில் அரபு பேசுகிற கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். பெந்தெகொஸ்தே நாளில் அரபியரும் தங்கள் பாஷையில் கேட்டார்கள் என்று அப்போஸ்தலர் இரண்டிலேயே இருக்கிறது. யூதர்களுக்காக ஜெபிக்கிறவர்கள் இவர்களையும் சேர்த்து ஜெபியுங்கள். 1948-இல் உண்டான ஒரு தேசத்தின் அரசு செய்வதையெல்லாம் தீர்க்கதரிசனம் என்று சொல்லி ஆமென் போட வேண்டாம். தேவன் இஸ்ரவேலை அழைத்த அழைப்பு மாறாது என்பதும் அரசு தப்பே செய்யாது என்பதும் வேறு வேறு. மீதியை இன்னொரு நாள் பேசலாம்.

வாசலில் மேசை போட்டிருக்கிறது. அந்தக் கல்லறைச் சுவரை எடுக்கச் சொல்லி மனு இரண்டு படி, ஒன்று ஆயருக்கு, ஒன்று கலெக்டருக்கு. இதுவரை முப்பத்தேழு கையெழுத்து, அதில் ஒன்பது வடக்குப் பக்கத்தாருடையது. கந்தரப்பம் ஆறிப்போகும் முன் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். கையெழுத்து வராதவர்களுக்கு மை வைத்திருக்கிறோம். வணக்கம்.