58 வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்க வருமா?

அடுத்த கேள்வி. திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். "அம்மாவுக்கு 58 வயது. பள்ளிக்கூடம் பக்கமே போனதில்லை. இப்போது படிக்க ஆசைப்பட்டார். அ, ஆ எழுதிக் கொடுத்தேன். ஒரே வாரம்தான். 'எழுத்து கண்ணுல நிக்கலப்பா, எனக்கு ஏறாது' என்று நோட்டை மூடிவிட்டார். இந்த வயதில் வருமா ஐயா?"

வரும் தம்பி, நிச்சயம் வரும். ஆனால் கண்ணில் நிற்கவில்லை என்று அம்மா சொன்னதைப் பேச்சுக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாற்பதைத் தாண்டினாலே வெள்ளெழுத்து வந்துவிடும், கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும். படித்தவர்கள் பேப்பரைத் தள்ளிப் பிடிக்கும்போதே கண்டுபிடித்துவிடுவார்கள். எழுத்தே பார்க்காதவருக்கு எப்படித் தெரியும்? தன் மூளைதான் மந்தம் என்று நினைத்துக்கொள்வார்.

1991-இல், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் நான் தொண்டராக இருந்தேன். என் வகுப்பில் ஒரு பாட்டி 'பட்டா' என்பதை எத்தனை முறை சொன்னாலும் 'படடா' என்றுதான் படிப்பார். ஒருநாள் பக்கத்தில் இருந்தவரின் கண்ணாடியை வாங்கி மாட்டிவிட்டோம். சிலேட்டைப் பார்த்துவிட்டு, "அட, மேல புள்ளி இருக்கா!" என்றார். அவ்வளவு நாளும் அவருக்கு அந்தப் புள்ளி தெரியவே இல்லை. எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கலங்கும். அதனால், முதல் வேலை கண் பரிசோதனை.

அப்புறம், அ-வில் தொடங்காதீர்கள். சுழியும் வளைவுமாக இருக்கும் அந்த எழுத்து, பென்சிலே பிடிக்காத கைக்குப் பெரிய பாரம். ட-வுக்கு இரண்டே கோடு, ப-வுக்கு மூன்று. அறிவொளிப் பாடமும் 'பட்டா', 'படி' என்றுதான் தொடங்கியது. கை சுலபமாக வரும் என்பது மட்டுமில்லை. சொந்த நிலம் இல்லாதவர்களிடம் பட்டா என்று சொல்லிப் பாருங்கள், பேச்சு நிற்காது. பிரேசிலில் பாவ்லோ பிரெய்ரே என்ற கல்வியாளரும் 'செங்கல்' மாதிரி உழைப்பாளிகளின் அன்றாடச் சொற்களை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தார். உங்கள் அம்மா தினமும் எதைப் பற்றிப் பேசுகிறாரோ, அந்தச் சொல்லை எடுங்கள். ப, ட, ம, ஒரு புள்ளி, ஒரு துணைக்கால், ஒரு கொக்கி இருந்தால் பாட்டி, மாடி, பட்டம் எல்லாம் வந்துவிடும். மாடு என்றால் டு மட்டும் புதிது. 247 எழுத்து என்று சொல்லிப் பயமுறுத்த வேண்டாம்.

அரசின் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் எழுதப் படிக்கத் தெரியாத, 15 வயதும் அதற்கு மேலும் ஆன யாரும் சேரலாம். 200 மணி நேரப் பாடம். பக்கத்து அரசுப் பள்ளியில் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். கூட நாலு பேர் இருந்தால் அம்மாவுக்குக் கூச்சம் போகும்.

வீட்டில் சொல்லிக்கொடுக்கும்போது ஒன்று. அவர் "ப... ட்..." என்று கூட்டும்போது நீங்கள் முந்திக்கொண்டு சொல்லை முடித்துவிடாதீர்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அவரே சொல்லட்டும்.