எதை வைத்துச் சொல்கிறாய்?

வணக்கம் நேயர்களே. ஒரு வாக்கியம் சொல்கிறேன், கேளுங்கள். "மோலன் பிங்குவைச் சிரிம்பினான்." இப்போது கேள்வி: மோலன் எதைச் சிரிம்பினான்? பிங்குவை. சரியான விடை, முழு மதிப்பெண் போட்டுவிடலாம். ஆனால் பிங்கு என்றால் என்ன, அவன் செய்தது என்ன என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, ஏனென்றால் அவை நானே இட்டுக்கட்டிய சொற்கள். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளில் பலர் ஆங்கிலப் பத்திக்கு இப்படித்தான் விடை எழுதுகிறார்கள். கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடு, கிடைத்ததும் அந்த வரியை அப்படியே எடுத்து எழுது என்றுதான் வகுப்பிலும் பழக்குகிறார்கள்.

எட்டாம் வகுப்பில் கரும்பலகையில் இரண்டே வரி எழுதுவேன். "மீனா ஷுக் ஹெர் அம்ப்ரெல்லா அண்ட் ரேங் தி பெல். எ டாக் கேம் அவுட், வேகிங் இட்ஸ் டெயில்." குடையை உதறிவிட்டு மணி அடித்தாள், நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது, அவ்வளவுதான். வெளியே மழையா வெயிலா என்று கேட்டால் பலரும் 'ரெயின்' என்ற சொல்லைத் தேடுவார்கள், கிடைக்காவிட்டால் "அதுல கொடுக்கலையே டீச்சர்" என்பார்கள். அதே பிள்ளையிடம் வீட்டில் அம்மா "வானம் இருட்டிக்கிட்டு வருது, துணியெல்லாம் கொடியிலேயே கிடக்குதே" என்றால் போதும், மாடிக்கு ஓடிவிடும். துணியை எடு என்று அம்மா சொல்லவே இல்லை. ஆக, ஊகிக்கும் திறமை இருக்கிறது. ஆங்கிலத்தில் கவனமெல்லாம் எழுத்துக்கூட்டிப் படிப்பதிலேயே போய்விடுவதால் அது வெளியே வருவதில்லை.

அதனால் ஊகித்துப் படிக்கப் பழக்கும்போது வரிகள் எளிதாக இருக்கட்டும், பேச்சு தமிழிலேயே நடக்கட்டும். யார் எந்த விடை சொன்னாலும் "எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேளுங்கள். குடையை உதறினாள், அப்போ அது நனைஞ்சிருக்கணும். நாய் வாலாட்டுது, அப்போ மீனா அடிக்கடி வர்ற வீடு. "அது அவ வீடுதான்" என்பாள் ஒருத்தி, "சொந்த வீடுன்னா எதுக்கு மணி அடிக்கிறா?" என்று பின்வரிசையிலிருந்து எதிர்ப்பு வரும். வாதாட விடுங்கள். "மீனாவுக்குப் பசி" என்று ஒருவன் சொன்னால் அதற்கு வரியில் ஆதாரமே இல்லை; ஊகம் வேறு, கற்பனை வேறு என்பது அந்த இடத்தில்தான் பிள்ளைக்குப் பிடிபடும். 'வேகிங்' தெரியாதவனும், நாயும் வாலும் பக்கத்தில் வருவதை வைத்துப் பொருளைப் பிடித்துவிடுவான். அப்புறம் விடையை ஆங்கிலத்தில் சொல்ல வைக்கலாம், 'பிகாஸ்' கட்டாயம் வேண்டும்.

1980களில் அமெரிக்காவில் டாஃபி ரஃபேல் என்ற வாசிப்புக் கல்வி ஆய்வாளர் கேள்விகளை நான்காகப் பிரித்தார்: ஒரே இடத்தில் விடை இருப்பது, பல வரிகளில் தேடிச் சேர்க்க வேண்டியது, எழுதியவர் சொன்னதோடு நாம் அறிந்ததையும் சேர்ப்பது, முழுக்க நம் அனுபவத்திலிருந்தே சொல்வது. விடை தேடும் முன்பே இது எந்த வகைக் கேள்வி என்று பிள்ளைகளைச் சொல்லச் சொல்லுங்கள், பாதி வேலை முடிந்துவிடும்.

ஆனால் ஒன்று, நாம் அறிந்ததைச் சேர்க்க வேண்டும் என்றால் அறிந்தது ஏதாவது இருக்க வேண்டுமே! 1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள், ஏழு, எட்டாம் வகுப்பு மாணவர்கள் 64 பேருக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பத்தியைக் கொடுத்தார்கள். வாசிப்பில் சுமாராக இருந்தும் ஆட்டம் தெரிந்தவர்கள், நன்றாக வாசித்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட அதை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். பனிச்சறுக்கு பற்றிய பத்தியைக் கொடுத்துவிட்டு நம் பிள்ளைக்கு ஊகிக்க வரவில்லை என்பது நியாயமே இல்லை. பேருந்து நிலையம், ரேஷன் கடை, கிரிக்கெட் என்று தொடங்குங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளை படித்த கதையைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள், நடுவில் நிறுத்தி, "அவன் ஏன் அப்படிச் செஞ்சான்?" என்று கேளுங்கள். பதில் சொன்னதும், அதற்கு ஆதாரமான வரியைப் புத்தகத்தில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.