குப்பம் கரையை விடவில்லை

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். பேட்டை மாறும்போது அங்கே வாழ்கிறவர்களைக் காப்பது மாமன்றத் தேர்தலா, மக்களே கட்டும் அமைப்பா என்னும் தலைப்பில், அமைப்பே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், கையில் வாக்கு இருக்கும்போது வீதிக்கு எதற்கு வரவேண்டும் என்று கேட்டார். வாக்கே இல்லாதிருந்த காலத்தை அவர் மறந்துவிட்டார். 1973இல் சென்னை மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்ட பிறகு, அடுத்த தேர்தல் 1996இல்தான் நடந்தது. கலைத்த அன்று பிறந்த பிள்ளை வளர்ந்து, வாக்களிக்கும் வயதையும் கடந்து, மாமன்ற உறுப்பினர் என்பவர் யாரென்றே தெரியாமல் இருந்திருக்கும். அந்த இடைவெளியில்தான், 1985இல், மெரினாவை அழகுபடுத்தப் போகிறோம் என்று கட்டுமரங்களையும் வலைகளையும் கரையிலிருந்து அகற்ற அரசு முனைந்தது. முறையிட ஒரு வட்ட உறுப்பினர்கூட இல்லாத மீனவக் குப்பங்கள், ஆணும் பெண்ணுமாகக் கரையில் திரண்டு நின்றன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்களையும் பறிகொடுத்தன. ஆனாலும் கரையை விடவில்லை. பழைய கதை என்று தள்ளவும் முடியாது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த மன்றத்திற்கு 2022 பிப்ரவரியில்தான் அடுத்த தேர்தல் வந்தது. இடையில் மாநகராட்சியை நடத்தியவர் அரசு அமர்த்திய தனி அலுவலர்.

சரி, மன்றம் இருந்தால் மட்டும் போதுமா? 2023 ஏப்ரலில் 200 வட்டங்களுக்கான மாமன்றம் பதவியில்தான் இருந்தது. உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டி, போக்குவரத்துக்கு இடையூறு என்று, மெரினாவை ஒட்டிய நொச்சிக்குப்பத்து லூப் சாலையோர மீன் கடைகள் அகற்றப்பட்டன. குப்பம் சாலைக்கு மூத்தது. பின்னால் வந்த சாலை, முன்னால் இருந்தவரைப் பார்த்து ஆக்கிரமிப்பு என்கிறது! மீன் விற்கும் பெண்கள் சாலையில் அமர்ந்து நாள்கணக்கில் போராடிய பிறகே, புதிய அங்காடி தயாராகும்வரை வியாபாரம் தொடர வழி பிறந்தது. அங்காடிக் கட்டடம் போராட்டத்திற்கு முன்பே எழும்பிக்கொண்டிருந்ததே என்று எதிரணியினர் சொல்லக்கூடும், உண்மைதான். ஆனால் அது திறக்கப்பட்டது 2024 ஆகஸ்டில். அதுவரை அடுப்பெரிய வழி செய்தது யார்?

எதிரணியின் இன்னொரு வாதத்திற்கு நான் பாதி தலைவணங்குகிறேன். குடியிருப்போர் நலச் சங்கமும் மக்கள் அமைப்புதான். குடிசைகளை அகற்றுங்கள் என்று அதுவும் மனுக் கொடுக்கிறதே என்றார்கள். கொடுக்கிறது, மறுக்கவில்லை. அடுக்குமாடிக்குச் சங்கம் இருந்து ஆற்றங்கரைக்கு இல்லாமற்போனால், கூவத்தின் கரையிலிருந்தும் அடையாற்றின் கரையிலிருந்தும் குடும்பங்கள் தொலைவிலுள்ள மறுகுடியமர்வுப் பகுதிகளான கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்திற்கும் பெயர்க்கப்படுவதும், வீட்டு வேலைக்கும் சித்தாள் வேலைக்கும் தினந்தோறும் பேருந்தில் பழைய பேட்டைக்கே திரும்பி வருவதும்தான் நடக்கும். அதற்கு மருந்து அமைப்பே கூடாது என்பதா, ஆற்றங்கரையிலும் ஓர் அமைப்பு வேண்டும் என்பதா?

வட்டத்தின் ஒரு பகுதியில் வாழ்கிறவர்கள் கூடிப் பேசும் பகுதி சபை, தேர்தல் அரசியல் தந்த கொடை என்றும் ஒருவர் சொன்னார். நகராட்சிகளுக்கான 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1993இல். அதன்பின் சென்னையில் 1996, 2001, 2006, 2011 என நான்கு மாமன்றத் தேர்தல்கள் நடந்தும், தெருவாசி எழுந்து நின்று கேள்வி கேட்க ஒரு சபை அமையவில்லை. குடிமக்கள் அமைப்புகள் விடாமல் கேட்ட பிறகு, 2022இல்தான் அதற்கான விதிகள் வந்தன. இன்றும் அந்தச் சபையில் தனியாக எழுந்து கழிவுநீர்க் குழாயைப் பற்றிப் பேசுகிறவருக்கு "பார்க்கலாம்" என்ற பதிலே கிடைக்கும். நாற்பது வீட்டுக் கையெழுத்தோடு எழுகிறவரின் கோரிக்கைதான் தீர்மானக் குறிப்பேட்டில் ஏறும். வீடு வீடாய்ப் போய் அந்தக் கையெழுத்தை வாங்குகிற வேலையைத்தான் எங்கள் அணி அமைப்பு என்கிறது. தீர்ப்பை எங்கள் பக்கம் வழங்குமாறு நடுவரைக் கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.