ஜெயிலில் இருந்து வீட்டுக்கு: வேலை தேடுறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்?

[காட்சி: கடலூர் மத்திய சிறை வாசல், கேப்பர் மலை. சாயங்காலம்.]

வெளியே வந்தவரைப் பார்த்ததும் சொந்தக்காரங்க கேட்கிற முதல் கேள்வி, "வேலைக்கு என்ன வழி?" தப்பான கேள்வி இல்லை. ஆனா வேலை கிடைச்சவர் இருபது நாளில் அதை விட்டுட்டு நிற்கிறதுக்குக் காரணம் பெரும்பாலும் சோம்பல் இல்லை, அவிழ்க்காம விட்ட பழைய முடிச்சுகள். அதை எந்த வரிசையில் அவிழ்க்கிறதுன்னு பார்ப்போம்.

வாசலிலேயே தொடங்குங்க. விடுதலைச் சீட்டில் பேர், இனிஷியல், அப்பா பேர் ஆதாரில் உள்ளபடி இருக்கான்னு பாருங்க. ஒப்படைச்ச பொருளையும், உள்ளே வேலை செஞ்ச கூலி பாக்கியையும் சரிபார்த்த பிறகுதான் கையெழுத்து. மருந்து சாப்பிடுறவர்னா சிகிச்சைச் சீட்டு இல்லாம கிளம்பவே கூடாது. காசநோய்க்கு வழக்கமா 6 மாசம் மருந்து. இடையில் விட்டா கிருமி மருந்துக்கு அடங்காததா மாறலாம். நிக்ஷய் எண் (காசநோயாளிக்கு அரசு கொடுக்கிற பதிவு எண்) கையில் இருந்தா எந்த அரசு மருத்துவமனையிலும் தொடரலாம்.

[காட்சி: ஜாமீன் உத்தரவு நகல். நிபந்தனை வரிகள் மஞ்சளில்.]

ஜாமீனில் வந்தவருக்கு இதுதான் உயிர்நாடி. உத்தரவு நகலை வாங்கி, நிபந்தனையை அவருக்கு வாய்விட்டுப் படிச்சுக் காட்டுங்க. 'தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து'ன்னு இருந்தா, கொத்தனார் வேலைக்கோ சிப்காட் காலை ஷிப்டுக்கோ போக முடியாது. அதுக்காக கையெழுத்தை நிறுத்தினா ஜாமீனே ரத்தாகலாம். உத்தரவு போட்ட கோர்ட்டில் நிபந்தனைத் தளர்வு மனு போடுங்க. வாரம் ஒரு நாள்னோ வேற நேரம்னோ மாத்திக் கேட்கலாம். புது உத்தரவு வர்ற வரைக்கும் பழையதுதான் செல்லும். போட்ட ஒவ்வொரு கையெழுத்துக்கும் தேதியும் நேரமும் ஒரு நோட்டில் எழுதி வையுங்க.

நம்ம ஊருக்கே உரிய சிக்கல் ஒண்ணு. முள்ளோடை தாண்டினா புதுச்சேரி. 'எல்லையை விட்டு வெளியே போகக்கூடாது'ன்னு நிபந்தனை இருந்தா, தினக்கூலிக்கு பஸ்ஸில் பாண்டி போய் வர்றதும் மீறல்தான். முதல்ல அனுமதி, அப்புறம் வேலை.

வேற வழக்கு இருக்கான்னும் பாருங்க. இ-கோர்ட்ஸ் ஆப்பில் (கோர்ட் வழக்கு விவரம் காட்டுற அரசு ஆப்), ஒவ்வொரு வழக்குக்கும் தனியா இருக்கிற சி.என்.ஆர். எண்ணைப் போட்டா (எழுத்தும் எண்ணும் கலந்து 16 இருக்கும்) அடுத்த வாய்தா தெரியும். எண் இல்லைன்னா பேரை வெச்சும் தேடலாம். வாய்தா தவறி பிடிவாரண்ட் நிலுவையில் இருந்தா, போலீஸ் வந்து கூட்டிட்டுப் போற வரைக்கும் காத்திருக்காம வக்கீலோட கோர்ட்டுக்குப் போய் ரீகால் மனு (வாரண்டைத் திரும்பப் பெறக் கேட்கிற மனு) போடுங்க. வக்கீலுக்குப் பணம் இல்லைன்னா இலவச சட்ட உதவி எண் 15100க்கு போன் பண்ணுங்க, இல்லை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க. பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு.

[காட்சி: பழைய பட்டன் போன், ஆதார் அட்டை, பாஸ்புக்.]

அடுத்தது போன் நம்பர். சின்ன விஷயமாத் தெரியும், ஆனா எல்லாம் இதில்தான் தொங்குது. ரொம்ப நாள் ரீசார்ஜ் பண்ணாத நம்பரை கம்பெனி துண்டிச்சு, 90 நாளுக்கு அப்புறம் வேற யாருக்கோ கொடுத்துடலாம். ஆதார் ஓ.டி.பி. அந்த ஆளுக்குப் போகும். அதனால புது சிம் வாங்கி, அவரையே ஆதார் மையத்துக்குக் கூட்டிட்டுப் போய் நம்பரை மாத்துங்க. இதுக்குக் கைரேகை போதும், வேற ஆவணம் தேவையில்லை. அடுத்து பேங்க்: 2 வருஷம் பரிவர்த்தனை இல்லாத கணக்கு முடங்கியிருக்கும். கே.ஒய்.சி. (அடையாள, முகவரி ஆவணம்) கொடுத்தா கட்டணம் இல்லாம திறப்பாங்க. காசநோய்க்கு அரசு தர்ற ஊட்டச்சத்துப் பணமும் இந்தக் கணக்குக்குத்தான் வரணும்.

ரேஷன் கார்டில் பேர் இருக்கான்னும் பார்த்துக்குங்க. உள்ளே இருக்கும்போது ஓட்டுப் போட முடியாது, வெளியே வந்தவர் போடலாம். வாக்காளர் பட்டியலில் பேர் இல்லைன்னா, பேர் சேர்க்கிற படிவம் 6 கொடுங்க.

டிரைவர் வேலைன்னா லைசென்ஸ் தேதியைப் பாருங்க. காலாவதியாகி 1 வருஷம் தாண்டியிருந்தா மறுபடி ஓட்டிக் காட்டணும், அதுக்குப் பழகவும் நாள் வேணும்.

வீட்டில் இருக்கிறவங்களுக்கு: முதல் வாரம் கடன் கணக்கைப் பேசாதீங்க. விருந்துன்னு பாட்டிலை வெக்காதீங்க. பல மாசம் குடிக்காத உடம்பு பழைய அளவைத் தாங்காது. தூக்கமே இல்லை, பேச்சே இல்லைன்னா 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்ங்கிற அரசு மனநல உதவி எண் அது. ராத்திரியும் எடுப்பாங்க, தமிழிலேயே பேசலாம்.